ஒரு ரோஜாவுக்கு எட்டுச் சிவப்பு

ஜனவரி 11, ஹாலிஃபாக்ஸ்

ராத்திரி முழுக்கப் பனி கொட்டியதில் வாசலே தெரியவில்லை. சரி, சாய வேலையைத் தொடங்கிவிடலாம். ரக் ஹூக்கிங்கில், அதாவது கம்பளி நாடாக்களைக் கொக்கியால் துணியில் இழுத்து விரிப்புச் செய்யும் கைவேலையில், இது என் முதல் பூ. ஒரே ஒரு ரோஜாதான், ஆனால் இதழ் மடிந்து விரிவதைக் காட்ட வெளிறலிலிருந்து அடர்த்தி வரை எட்டுச் சாயல் வேண்டும். கடையில் எட்டும் ஒரே வம்சமாகக் கிடைக்காது. வெள்ளைக் கம்பளித் துணியை எட்டாகக் கிழித்து, சோப்பு ஒரு சொட்டு விட்ட வெந்நீரில் ஊறப் போட்டேன். சரியாக நனையாத இடத்தில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

ஜனவரி 12

கால் டீஸ்பூன் சிவப்புப் பொடியை ஒரு கப் வெந்நீரில் கரைத்து, பாதியை எட்டாம் பாட்டிலில் ஊற்றினேன். கப்பை மறுபடி நீரால் நிரப்பி, அதில் பாதி ஏழாம் பாட்டிலுக்கு. இப்படியே பாதி பாதியாக ஒன்றாம் பாட்டில் வரை. துணியைப் போட்டு, வினிகர் விட்டு, எல்லாவற்றையும் பெரிய பானை வெந்நீரில் நிறுத்தி ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்காத சூடு. "என்ன, ஊறுகாய் போடுறியா?" என்று எட்டிப் பார்த்தார் வீட்டுக்காரர். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான்.

கடைசியில் சாயமெல்லாம் துணிக்குப் போய், பாட்டிலில் வெறும் தண்ணீர். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. நிறம்தான் திருவிழா பலூன் மாதிரி கண்ணைக் குத்துகிறது.

ஜனவரி 14

பொங்கல். இன்று வேறு பானை. (சாயப் பானை சமையலுக்குத் திரும்பவே கூடாது.)

ஜனவரி 18

சிவப்பை அடக்கப் பச்சை. அதே பாதிக் கணக்கில் எட்டுக்கும் கொஞ்சம் பச்சைச் சாயம் ஏற்றினேன். பலூன் போய் ரோஜா வந்துவிட்டது! அந்தக் குஷியில் நாலாம் துணியைச் சுடச்சுட எடுத்துக் குளிர்ந்த குழாய்நீரில் அலசித் தேய்த்தேன். சுருங்கித் தடித்து, பானை பிடிக்கிற துணியாகிவிட்டது.

ஜனவரி 25

3/32 அங்குல நாடாக்களாக வெட்டி, லினனில் கொக்கியால் இழுக்கிறேன். மூன்றும் ஐந்தும் பக்கத்தில் வந்தால் இதழ் மடியவில்லை, கோடு போட்டதுபோல் நிற்கிறது. நாலை மட்டும் திரும்பச் சாயம் போட வேண்டும். நோட்டை எடுத்தேன். சிவப்புக்கு அளவு இருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்தில்: "பச்சை, ஒரு சிட்டிகை."