கொடைக்குப் போன பெட்ரோலும் கணக்குதான்

2024 நவம்பர், கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம். வங்கியில் கடனுக்கு வருமான வரி ரிட்டர்ன் நகல் கேட்டிருந்தார்கள், அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் மேடத்தைப் பார்க்கப் போனேன். அவர் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதுல செலவுன்னு ஒரு ரூபா கூட இல்லையே, எல்லா ஊருக்கும் நடந்தா போனீங்க?"

நான் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு வாத்தியார். மாலையிலும் விடுமுறையிலும் கீபோர்டு வாசிப்பேன். கல்யாண ரிசப்ஷன், ஊர்த் திருவிழா, கொடை (எங்கள் பக்கத்துக் கோயில் விழா) மேடை, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி எல்லாம் உண்டு. குளச்சல், மார்த்தாண்டம், சில நாள் களியக்காவிளை தாண்டி பாறசாலை வரைக்கும் போவேன். 2023-24 நிதியாண்டில் சம்பளம் 3,60,000, வாசித்து வந்தது 5,10,000. எனக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் அந்த 5,10,000 முழுவதையும் 'இதர வருமானம்' என்று ஒரே கட்டத்தில் தள்ளிவிட்டார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். சம்பளத்துக்கான நிலையான கழிவு 50,000 போக 8,20,000 வருமானம், செஸ்ஸோடு வரி 38,480. நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் ஏற்கெனவே டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வரி, 18,000 பிடித்திருந்தார்கள். மீதி 20,480-ஐ வட்டியோடு சேர்த்து, சீட்டுப் பணத்தில் இருந்து எடுத்துக் கட்டினேன்.

அந்த மேடம் சொன்னது இதுதான்: நீங்க செய்யறது தொழில், அந்தத் தொழிலுக்காகவே செய்த செலவைக் கழிச்சது போகத்தான் வருமானம். வில்லுப்பாட்டுக்காரருக்கும் தவில் வாசிப்பவருக்கும் பேண்டு செட்டுக்கும் இதே விதிதான். நம்ம ஆட்கள் நிறைய பேர் இதை நம்புவதே இல்லை. "புது வரி முறையில் எந்தக் கழிவும் கிடையாதுல்லா" என்பார்கள். அது சேமிப்புக்குக் கிடைக்கிற கழிவுகளுக்கு. எல்ஐசி, பிபிஎஃப் எல்லாம் அதில் போய்விட்டது உண்மைதான், ஆனால் தொழில் செலவு போகவில்லை, அது எந்த முறையிலும் கழியும்.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பழைய ஜிபே வரலாறு, வாட்ஸ்அப் செய்தி, டைரி என்று எல்லாவற்றையும் கிளறினேன். கார், ஆட்டோ வாடகை, பெட்ரோல். நானே ஒப்புக்கொண்டு எடுத்த நிகழ்ச்சிகளில் ரிதம் பேடு வாசித்த தம்பிக்கும் பாட வந்தவர்களுக்கும் கொடுத்தது. சவுண்டு செட் வாடகை. கேபிள், ஸ்டாண்டு, அடாப்டர், கீபோர்டில் இரண்டு கட்டை அமுங்காமல் போனபோது செய்த ரிப்பேர். எல்லாம் கூட்டி, மிக்சருக்கும் ஸ்பீக்கருக்கும் உரிய தேய்மானத்தையும் (பழசாக ஆக ஆண்டுதோறும் குறைகிற மதிப்பு) சேர்த்தால் 1,73,000 வந்தது. அப்போது என் வருமானம் 6,47,000. அந்த ஆண்டு புது முறையில் 7 லட்சம் வரை வரி கிடையாது. திருத்திய ரிட்டர்ன் போட அந்த டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான ஐடிஆர் 3 படிவத்தில் போட்டோம், கட்டிய பணம் முழுக்கத் திரும்பி வந்தது. இன்னும் இரண்டு மாதம் பிந்திப் போயிருந்தால் அவ்வளவும் போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

தேய்மானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் அது. தந்தி, நாதஸ்வரத்துக்குச் சீவாளி, தவிலுக்குத் தோல் மாற்றுவது மாதிரி அடிக்கடி தேய்ந்து போகிறவற்றை அந்தந்த ஆண்டுச் செலவாகவே எழுதலாம். கீபோர்டு, ஆம்ப், மிக்சர் மாதிரி பல வருடம் உழைக்கிற பொருளை அப்படி ஒரே ஆண்டில் எழுத முடியாது. ஆண்டுக்கு 15 சதவீதம், அதுவும் மீதி மதிப்பில் 15 சதவீதம் என்று குறைந்துகொண்டே போகும். கம்ப்யூட்டர் என்றால் 40. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த விகிதத்தில் பாதிதான். 60,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கினால் முதல் ஆண்டு 9,000, ஜனவரியில் வாங்கினால் 4,500.

மிக்சரும் ஸ்பீக்கரும் வங்கி மூலம் வாங்கியது, அதனால் பிழைத்தது. கீபோர்டு அப்படி இல்லை. கொடை சீசன் முடிந்து கையில் இருந்த காசை எண்ணிக் கொண்டுபோய் 78,000-ஐ ரொக்கமாகவே கொடுத்து, பில்லும் வாங்கி, பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தேன். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய கருவியின் அந்த விலை கணக்கிலேயே சேராது, தேய்மானம் ஒரு பைசா கிடையாது. பில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. நான் அதிகம் வாசிக்கிற, என் பிழைப்பே அதில் இருக்கிற கருவி கணக்கில் பூஜ்யமாக நிற்கிறது. சாதாரணச் செலவுக்கும் இதே 10,000 வரம்புதான், சவுண்டு செட்காரருக்கு 15,000-ஐ ஒரே நாளில் கையில் கொடுத்தால் அந்தச் செலவும் போச்சு. தயவுசெய்து யுபிஐ-யிலோ செக்கிலோ கொடுங்கள். நம்ம தொழிலில் ராத்திரி ஒரு மணிக்கு மேடைக்குப் பின்னால் கையில்தான் பணம் வரும், கையிலேயே போகும், எனக்குத் தெரியும். பக்கவாத்தியக்காரர்களுக்குச் சின்னத் தொகை ரொக்கமாகக் கொடுத்தால்கூட ஒரு சின்ன வவுச்சரில் பெயர், தேதி, எந்த நிகழ்ச்சி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். முதலில் தயங்கினார்கள், இப்போது அவர்களே பேனாவை எடுக்கிறார்கள்.

எதை எழுதக் கூடாது என்பதிலும் அதே கவனம் வேண்டும். ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகிற பெட்ரோல் சேராது, நிகழ்ச்சிக்குப் போனது மட்டும்தான். போனும் இன்டர்நெட்டும் பாதி வீட்டுக்கு, பாதி தொழிலுக்கு என்றால் பாதிதான். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்குக் காசில்லாமல் வாசிக்கப் போகிறேன், அது என் மனசுக்காகப் போவது, அந்தப் பயணத்தை எழுதுவதில்லை. வேட்டி சட்டை சொந்தச் செலவு. போக்குவரத்துப் போலீஸ் போட்ட அபராதத்தை, கச்சேரிக்குப் போகும்போது வந்ததென்றாலும், கழிக்க முடியாது.

அப்புறம், செலவை எழுதுகிறவன் வரவையும் முழுசாக எழுத வேண்டும். கமிட்டிக்காரர்கள் கவரில் வைத்துக் கொடுத்த 6,000-மும் வருமானம்தான். டிடிஎஸ் பிடித்தது மட்டும்தான் அரசாங்கத்துக்குத் தெரியும் என்று அதை மட்டும் காட்டுவது சரியில்லை. அப்படிச் செய்தவர்கள் செலவுக் கணக்கும் வைத்துக்கொள்ள முடியாமல் போகிறது, 40 நிகழ்ச்சிக்குப் பெட்ரோல் எழுதிவிட்டு 12 நிகழ்ச்சிக்கு வரவு காட்டினால் எப்படி நிற்கும்?

சிலர் "பாதியைச் செலவுன்னு கண்ணை மூடிப் போடலாம், கணக்கே வேண்டாம்" என்கிறார்கள். அந்த 50 சதவீத வசதி குறிப்பிட்ட சில தொழில்களுக்கு, டாக்டர், வக்கீல், இன்ஜினியர் போன்றவர்களுக்கு உள்ளது. சினிமாவில் இசையமைக்கிற, பாடுகிற கலைஞர்களும் அந்தப் பட்டியலில் வருவார்கள். கொடை மேடையில் வாசிக்கிற நான் அதில் வர மாட்டேன் என்றுதான் மேடம் என்னை அதில் போடவில்லை. பிரிவு எண்களை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்து எண்கள் எல்லாம் மாறிவிட்டன.

இப்போது 12 லட்சம் வரை வரியே இல்லையே, எதற்கு இவ்வளவு பாடு என்று போன வாரம் சுசீந்திரம் பக்கம் ஒரு தவில் அண்ணாச்சி கேட்டார். "அண்ணாச்சி, ஒங்க பேர்ல பிடிச்ச வரியக் காட்டுற 26ஏஎஸ் கணக்கைப் பாத்திருக்கீங்களா?" என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அங்கேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் பான் கார்டு எண்ணைப் போட்டு, ஓடிபி வாங்கி, உள்ளே போய்ப் பார்த்தோம். திருவனந்தபுரத்தில் அவர் வாசித்த நிகழ்ச்சிகளுக்குப் பிடித்த டிடிஎஸ் 11,400 ரூபாய் அவர் பெயரில் கிடந்தது. ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்ப வரும், வரி இல்லை என்று சும்மா இருந்தால் வராது.

அவர் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு தவிலுக்கும் தோல் மாத்தணும், அதுக்குக் காசு பத்தல என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார். வரும் ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போகிறேன், அவர் டைரியையும் பழைய நிகழ்ச்சி நோட்டீசுகளையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.