எஸ்.ஆரில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்

போன வருடம் மார்ச்சில், பந்தோபஸ்து முடிந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்த அப்பாமீது லாரி மோதியது. ஏட்டாக இருந்தார். 1997-ல் பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டம்; அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களின் குடும்பங்களுக்கு அப்போது கதையே வேறு. இறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றையும் ஸ்டேஷன் ரைட்டர் அண்ணனே அலைந்து வாங்கிக் கொடுத்துவிட்டார்.

முதல் சறுக்கல் வாரிசுச் சான்றிதழில். இ-சேவையில் 60 ரூபாய் கட்டி அம்மா, நான், தம்பி என்று மூன்று பெயரைக் கொடுத்தோம். விசாரிக்க வந்த வி.ஏ.ஓ., திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சியைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார். அப்பாவைப் பெற்றவள் என்றதும் பேனாவை மூடிவிட்டார். இறந்தவரின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு. எங்களுக்குத் தோன்றவே இல்லை. மறுபடி 60 ரூபாய், மறுபடி ஒன்றரை மாதம். தன்னை விட்டுவிட்டோம் என்று ஆச்சிக்கு வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

அடுத்தது மாவட்டப் போலீஸ் அலுவலகம். அப்பாவின் எஸ்.ஆரில், அதாவது பணிப் பதிவேட்டில், அம்மாவுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். "இந்த ஆள்தான் அந்த ஆள்னு நான் எப்படிம்மா நம்புறது?" என்றார் பிரிவு எழுத்தர். நோட்டரி பிரமாணப் பத்திரம் கொண்டுபோனோம். தாசில்தார் சான்று வேண்டும் என்றார். அதைக் கொண்டுபோனால் பேங்க் பாஸ்புக்கிலும் பெயர் மாற வேண்டுமாம். நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் ஒரு தடவைக்கு ஒரு காகிதமாகத் தெரிந்துகொண்டோம். போகிற முதல் நாளே முழுப் பட்டியலையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

இதற்கிடையில் அக்டோபர் வந்தது. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையிடம் பத்து காவலர்கள் உயிரிழந்ததை நினைவுகூரும் காவலர் வீரவணக்க நாள். செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை பணியில் இறந்தவர்களின் பெயர்களை அன்று வாசிப்பார்கள். வீட்டுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. அம்மாவின் பெயர், ஆதாரில் இருக்கிற அதே பெயர், அந்த அலுவலகத்தின் முத்திரையோடு! விழாவுக்கு மறுநாளே அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். எழுத்தர் இரண்டு தடவை படித்தார். "உட்காரும்மா" என்றார். ஏழு மாதத்தில் அந்த நாற்காலியை அன்றுதான் காட்டினார்.

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல முடியவில்லை. ஆயுதப்படை மைதானம், மலர் வளையம், குண்டு முழக்கம். அப்பாவின் பெயரை வாசித்தபோது அம்மா அழவில்லை; இன்ஷியல் சரியாக வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தாளாம்.

ஜனவரியில் குடும்ப ஓய்வூதியம் வந்தது. அதுவரை வீட்டுக்கு அடுப்பெரிந்தது அப்பாவோடு பணியில் சேர்ந்த பேட்ச் ஆட்களால். ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, பதினாறாம் நாளுக்குள் அம்மா கணக்கில் போட்டுவிட்டார்கள். எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. இன்னொரு விஷயமும் அவர்களில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: சம்பளக் கணக்கு, போலீஸாருக்கென்று பேங்க் வைத்திருக்கும் போலீஸ் சம்பளப் பேக்கேஜாக இருந்தால் விபத்துக் காப்பீடு உண்டு. பேங்க்கில் நாமாகப் போய்க் கேட்டால்தான் வாய் திறக்கிறார்கள். கேட்பதற்குக் கெடு உண்டு, அதனால் காரியம் முடிந்த கையோடு போய்விடுங்கள்.

கருணை அடிப்படையிலான வேலைக்கு இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். என் பெயரில் கொடுத்திருக்கிறோம். அம்மாவும் தம்பியும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தந்தார்கள். ஆச்சியிடமும் கைநாட்டு வாங்க வேண்டியிருந்தது. "இப்ப மட்டும் நான் வேணுமாக்கும்" என்றபடியே விரலை நீட்டினாள்.