ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காற்று வாங்கிய படலம்

என் அக்கா மகன், தன்னுடைய 2018-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் காரில் கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும், வெளியில் விற்கும் ஏர் இன்டேக் ஒன்றை மாட்ட வேண்டும் என்று தீர்மானித்தபோது, வீட்டில் அனுமதி வாங்கித் தரும் பொறுப்பை என் தலையில் கட்டினான். வண்டி விவகாரம் தெரிந்தவன் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. யார் கார் வாங்கப் போனாலும் கூடவே போய், பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே பார்த்துத் தலையாட்டியே சம்பாதித்த பெயர் அது.

அத்தானைச் சம்மதிக்க வைப்பது கடினமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவரோ செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "எவ்வளவு கொடுக்கும்?" என்று மட்டும் கேட்டார். மைலேஜ் நிச்சயம் கூடும் என்று பையன் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தான். அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சம்பாதித்த பெயர் சும்மா இருக்க விடவில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் ஏர் ஃபில்டர்களைச் சோதித்துப் பார்த்தது என்றும், காற்றின் அளவுக்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கும் கணினி உள்ள இன்றைய கார்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால்கூட மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, பிக்கப்தான் அடி வாங்கியது என்று கண்டது என்றும் சொன்னேன். அத்தான் செய்தித்தாளைத் திருப்பினார். மைலேஜ் கூடாது என்றால் அவரைப் பொறுத்தவரை அது காரைப் பற்றிய பேச்சே அல்ல.

அக்காவின் கவலை வேறு. பையன் வேலை முடிந்து வருவது நள்ளிரவுக்கு மேல். கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. "சத்தம் வருமா, வராதா? அதை மட்டும் சொல்லு" என்றாள். வரவே வராது என்று பையன் சொன்னபோது அவன் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனோம். சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தெருவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வண்டியின் வேகத்தைக் குறைத்தால் போதும், இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடி வந்து, "சீட் கவரா சார், சன் ஃபிலிமா சார்?" என்று ஜன்னலோடு நடந்தே வருவார்கள். அவர்களையெல்லாம் கடந்து, உள்ளே ஒடுங்கியிருந்த ஒரு சிறிய கடைக்குள் நுழைந்தோம். சுவரில் சிவப்பு, நீலம், பச்சை என்று கூம்பு வடிவ ஃபில்டர்கள் வரிசையாகத் தொங்கின. பையன் நகைக்கடைக்குள் நுழைந்த மணப்பெண்ணாகவே மாறிப்போனான்.

கடைக்காரர் பெரியவர், கிரீஸ் ஏறிய விரலால் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, பவர் வேணுமா, சவுண்டு வேணுமா?"

"பவர்தாண்ணே" என்றான் பையன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கேள்விக்கு அந்தக் கடையில் இதுவரை எவனும் வேறு பதில் சொன்னதில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அவர் முதலில் எடுத்துக் காட்டியது, சட்டைப்பையைப் பெரிதாகப் பதம் பார்க்காத திறந்த கூம்பு ஃபில்டர். பெட்டியெல்லாம் கிடையாது, குழாயின் முனையில் ஃபில்டரை மாட்டி எஞ்சினுக்குப் பக்கத்திலேயே விட்டுவிட வேண்டியதுதான். சத்தம் அமோகமாக வரும். கம்பெனிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், எதற்கென்றே தெரியாத அந்த வெற்று டப்பா உண்மையில் ஒலியை விழுங்குவதற்காக வைத்தது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய ஒத்ததிர்வுத் தத்துவப்படி, பிஸ்டன்கள் விட்டு விட்டுக் காற்றை இழுக்கும்போது எழும் இரைச்சலை அது தனக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. கடைப் பையன் அதற்கு வைத்திருந்த பெயர் "வேஸ்ட் டப்பா". அதைக் கழற்றினால் எஞ்சின் மூச்சு வாங்குவது நன்றாகக் கேட்கும். கேட்பவர்கள் அதைப் பவர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பவர் கணக்கு என்னவோ எதிர்த்திசையில் போகிறது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபில்டர் இழுப்பது எஞ்சின் சூட்டில் வெந்த காற்று. நம் ஊர் வெப்பநிலையில், காற்று ஏறத்தாழ 3 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி 1 சதவீதம் குறையும். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சுமார் 8 சதவீதக் காற்று சிக்னலில் நிற்கும்போதே காணாமல் போகிறது. கம்பெனிப் பெட்டியின் மூக்கோ, பானெட்டுக்கு முன்புறம் நீட்டிக்கொண்டு வெளிக்காற்றை எடுக்கிறது. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பையன் கடைக்காரரின் கைபேசியில் ஒரு கூம்பு ஃபில்டரின் சத்தத்தைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சூடுதான் சிக்கல் என்றால் அதற்கும் மருந்து உண்டு என்று கடைக்காரர் இரண்டாவது வகையை இறக்கினார். கோல்டு ஏர் இன்டேக் என்று சொல்லப்படும் நீண்ட குழாய் அது. ஃபில்டரை எஞ்சினிலிருந்து விலக்கி, கீழே பம்பருக்குள் கொண்டுபோய் வைக்கும். தத்துவம் சரியானது, குளிர்ந்த காற்று கிடைக்கும். ஆனால் பையன் இருப்பது வேளச்சேரி. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் மிதந்த ஊர். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே ஜனங்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திய ஊர். அங்கே முழங்கால் உயரத்துக்கும் கீழே ஃபில்டரை வைப்பது, இளநீருக்குள் ஸ்ட்ராவை விட்டுவிட்டு உறிஞ்சாமல் இரு என்று சொல்வதைப் போன்றது. தண்ணீர் காற்றைப் போல அமுங்கிக் கொடுக்காது. சிலிண்டருக்குள் போனால், பிஸ்டனோடு இணைந்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதற்கப்புறம் வரும் பில்லை அத்தானிடம் காட்ட நான் தூது போக முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சட்டம் வேறு இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் வந்த திருத்தம், விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. பையன் அபராதத்தை இன்டேக் விலையோடு கூட்டிப் பார்ப்பதைக் கண்டு, சிறை என்ற சொல்லை இன்னொரு முறை அழுத்திச் சொன்னேன்.

மூன்றாவதாக வந்தது பேனல் ஃபில்டர். பழைய பெட்டி அப்படியே இருக்கும். உள்ளிருக்கும் காகித ஃபில்டருக்குப் பதிலாக, எண்ணெய் தடவிய பருத்தி வலை ஃபில்டரைப் போட்டுக்கொள்ளலாம். கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி மறுபடி பயன்படுத்தலாம். எண்ணெயை மட்டும் தலைக்குத் தேய்ப்பது போல் தேய்த்துவிடக் கூடாது, சில கார்களில் காற்றளவைப் பார்க்கும் சென்சாரில் அது படிந்து கணக்கைக் கெடுக்கும். கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்டு என் நிறுவனம் இத்தகைய ஃபில்டருக்குப் பத்து லட்சம் மைல் வாரண்டி தருகிறது. நிலவுக்கு இரண்டு முறை போய்த் திரும்பினாலும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் தூரம் அது. பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் அத்தனை மைலையும் தீர்க்க ஏழு தலைமுறை போதாது.

இதிலாவது பவர் கூடுமா என்று பையன் பரிதாபமாகக் கேட்டான். இந்த 1,197 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடினால், கணக்குப்படி அதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,600 லிட்டர் காற்று வேண்டும். அப்போதுதான் ஃபில்டரின் தடை ஒரு பொருட்டாகும். 83 குதிரைகளும் ஒருசேர ஓடுவது அந்தச் சுற்றில்தான். அலுவலகம் போகும் வழியில் எப்போதாவது 6,000 சுற்றைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். மற்ற நேரமெல்லாம் எஞ்சினின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் வால்வான, பாதி மூடிய த்ராட்டில். ஃபில்டரின் மேல் பழி போடுவது வீண்.

"எதுக்கும் இப்ப உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துடலாமே" என்ற கடைக்காரர், பெட்டியின் கிளிப்புகளை நீக்கி மேல்மூடியைத் தூக்கினார். ஃபில்டர் கருகிய அப்பளத்தின் நிறத்தில் இருந்தது. ஒரு மூலையில் கொறித்த அடையாளம். அதை எடுத்தவுடன் கீழ்ப்பெட்டியில் ஒரு குடித்தனமே தெரிந்தது. வேப்பிலைச் சருகு, நிலக்கடலைத் தோல், கடித்துப் பாதியில் விட்ட முறுக்கு, இவற்றையெல்லாம் சுற்றி மெத்தையாக மஞ்சள் தாம்பூலப் பையின் கிழிசல்கள். ஒரு கிழிசலில் மணமகன் பெயருக்கு முன்னிருந்த "செல்வன்" மட்டும் பத்திரமாக இருந்தது. பிக்கப் இல்லை, பிக்கப் இல்லை என்று பையன் மாதக்கணக்கில் புலம்பியதற்குக் காரணம் மாருதியும் அல்ல, காகித ஃபில்டரும் அல்ல. எஞ்சினுக்கு வரவேண்டிய காற்று ஓர் எலிக்குடும்பத்தின் வரவேற்பறை வழியாக வந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் பெட்டியைத் துடைத்து, சில நூறு ரூபாய்க்கு ஒரு புதிய காகித ஃபில்டரைப் போட்டார். பிறகு, எலி நுழையும் மூக்கின் வாயில் கம்பிவலை ஒன்றை வெட்டி, இரண்டு கிளாம்பு வைத்து இறுக்கினார். பருத்தி ஃபில்டரை அவரே எடுத்துச் சுவரில் திரும்பத் தொங்கவிட்டார். வியாபாரத்தில் இவ்வளவு நேர்மை எனக்குச் சற்றே அச்சமாகக்கூட இருந்தது.

சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த பையனின் முகம் மலர்ந்திருந்தது. "மாமா, செகண்ட் கியர்ல இழுக்கிற இழுவையே வேற!" என்றான். அதில் பாதி மனப்பிராந்தி என்று நான் நினைத்தாலும், முறுக்கும் தாம்பூலப் பையும் இல்லாத எஞ்சின் கொஞ்சம் நன்றாகத்தான் ஓடும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அவன் கடைக்காரரிடம் குனிந்து ஏதோ கெஞ்சினான். பெரியவர் சிரித்துக்கொண்டே பில்லில் "எலி வலை" என்று எழுதியதை அடித்துவிட்டு, மேலே கொட்டை எழுத்தில் "ஏர் இன்டேக் மாடிஃபிகேஷன்" என்று எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே அது அவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது. தொகை இருந்த இடத்தை மட்டும் கட்டைவிரல் மறைத்திருந்தது.