மூவருக்கு நூலக அங்கத்துவம் பெற்ற கதை

கொழும்பின் தென்பகுதியில் வாடகை வீட்டில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் மூவர் ஒரே நாளில் ஒரு கிளை நூலகத்தில் அங்கத்துவம் கேட்டு விண்ணப்பித்தோம்: 68 வயதான என் அம்மா, 8 வயதான மகள், நான். கையில் அட்டை வர நான்கு வாரங்களும் ஐந்து நடைகளும் பிடித்தன. அடுத்துச் செல்பவர்களுக்கு அவற்றில் இரண்டு நடையாவது மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஆசை அம்மாவுடையது. விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகே கொழும்புப் பொது நூலகத்தின் இப்போதைய கட்டடம் 1980 டிசெம்பரில் திறக்கப்பட்டபோது, அவர் கோட்டையில் தட்டெழுத்தாளராக வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. சனிக்கிழமைப் பிற்பகல்களை அங்கேதான் கழித்தாராம். இப்போது முழங்கால் வலியோடு பஸ்ஸில் ஏறி இறங்க முடியாததால், நடந்து போகும் தூரத்திலுள்ள கிளையிலேயே சேர்வோம் என்றார்.

முதல் நாள் எங்களுக்குக் கிடைத்தது சிங்களப் படிவம் மட்டுமே. தமிழ்ப் படிவங்கள் முடிந்துவிட்டன, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும். அலுவலகச் சிங்களத்தை வாசித்து விளங்கிக்கொள்வது கடினம். பாடசாலையில் சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மகள் படிவத்தை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தாள். ஓசை வந்தது, பொருள் வரவில்லை. பின்னால் நின்ற சிங்களப் பெரியவர் ஒருவர்தான், அதிலிருந்த ஒரு சொல்லுக்குப் பிணையாளி என்று பொருள் எனத் தமிழில் சொல்லித் தந்தார். 1987ஆம் ஆண்டில் வந்த, அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியிருக்கிறது. ஆகவே தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை கேட்பதல்ல; அதைத் தயங்காமல், மரியாதையோடு கேட்க வேண்டும். மறுமுறை சென்றபோது கோப்பில் ஒரேயொரு தமிழ்ப் பிரதி இருந்தது. நூலகரின் அனுமதியோடு அதை எடுத்துச் சென்று, பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில் இருபது பிரதிகள் எடுத்துக் கொடுத்தேன். அவர் அவற்றைச் சிங்களப் படிவக் கட்டுக்குப் பக்கத்திலேயே வைத்ததைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

அதிக நாட்களை எடுத்துக்கொண்டது பிணையாளியின் கையொப்பம். எங்களிடம் கேட்கப்பட்டது, மாநகர சபைக்குச் சோலைவரி, அதாவது வீட்டு வரி, செலுத்தும் ஒருவரின் உத்தரவாதம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது பெரிய தடை. எங்கள் வீட்டுக்காரம்மா மனமுவந்து கையொப்பமிட்டார். ஆனால் அவர் தந்த பற்றுச்சீட்டு முந்தைய காலாண்டுக்குரியது என்று திருப்பி அனுப்பினார்கள். எந்தக் காலாண்டின் பற்றுச்சீட்டு வேண்டும் என்று முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை நான் முன்கூட்டியே பெற்றிருந்ததால் அந்த ஒரு பக்கத்தில் சிக்கல் எழவில்லை.

அம்மாவின் படிவம் தனியாக நின்றது. அடையாள அட்டை இலக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. அவருடைய பழைய அட்டையிலோ ஒன்பது இலக்கங்களும் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தும்தான். அட்டையில் பெயர் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தது. பழைய இலக்கத்தை அப்படியே எழுதி மீதிக் கட்டங்களைக் கோடிட்டு விடலாம் என்று நூலகர் வழிகாட்டினார். பெயரைத் தமிழில் எழுதும்படி அவரே கேட்டுக்கொண்டார். அம்மா தம் பெயரை எழுதி முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

உள்ளே போனதும் அம்மா கேட்ட முதற்கேள்வி, சிங்கள நாவல்களும் தமிழ் நாவல்களும் ஏன் அடுத்தடுத்து இல்லை என்பது. நூல்களைப் பகுக்கும் தூயி தசம முறையில் சிங்கள இலக்கியத்தின் எண் 891.48; தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. சிங்களம் இந்தோ ஆரியக் குடும்பத்தையும் தமிழ் திராவிடக் குடும்பத்தையும் சேர்ந்தவை என்பதால் வந்த இடைவெளி அது. அங்கே அந்த இடைவெளி இரண்டு இரும்பு அலுமாரிகள். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது மிகவும் பயன்படும். கணினியில் தமிழ் நூல்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தார்கள். ‘ழ’ வரும் தலைப்பை மூன்று விதமாகத் தட்டியும் கிடைக்காத நூலை, எண்ணைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு நிமிடத்தில் எடுத்தோம்.

ஒக்டோபர், தேசிய வாசிப்பு மாதம். அதையொட்டி ஒரு சனிக்கிழமை சிறுவர் பகுதியில் கதை நேரம் வைத்தார்கள். சிங்களத்தில் கதை சொல்ல நூலகர் இருந்தார். தமிழில் சொல்ல ஆள் இல்லை என்றதும் அம்மா முன்வந்தார். எடுத்துக்கொண்டது, சிங்கள நாட்டார் கதைகளில் வரும் அரசவை விகடகவியான அந்தரேயின் கதை. பாயில் காயும் சர்க்கரையை மணல் என்று அரசன் சொல்லிவிடுகிறான். அந்தரே தன் மகனை அழுதபடி ஓடிவரச் செய்து, தாய் இறந்துவிட்டாள் என்று சொல்ல வைக்கிறான். இனி நமக்கு வாயில் மண்தான் என்று புலம்பியவாறே இருவரும் சர்க்கரையை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். நூலகர் ஒரு வாக்கியம் சொல்ல, அம்மா அதைத் தமிழில் சொன்னார். ‘வாயில் மண்’ என்ற இடம் வந்தபோது இரண்டு மொழியிலும் அதே பேச்சுத்தான் என்பதைக் கண்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிங்களப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளின் சிரிப்பு ஒரு வாக்கியம் தள்ளி வந்தது.

அடுத்த முறை தமிழ் முதலில், சிங்களம் பிறகு என்று நூலகரே சொல்லியிருக்கிறார். காகமும் வடையும் போதுமா, தெனாலிராமன் வேண்டுமா என்று அம்மாவும் மகளும் இரண்டு நாட்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.