மேசை மேல் ஒரு நேட்

11 அக்டோபர் 2024, வெள்ளி

பணிமனைக்குச் செல்லாத முதல் ஆயுத பூஜை. சந்தனமும் குங்குமமும் கொண்டு வந்த அம்மா, பூஜையில் வைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நிப்பர், சிறு கத்தி, உப்புத்தாள், இடுக்கி, இரண்டு தூரிகைகள் ஆகியவற்றைப் பலகையில் பரப்பினேன். 22 ஆண்டுகளாக என் கையோடு இருந்த வெர்னியர் அளவுகோலையும் வைத்தேன். பூஜை முடிந்ததும் அதை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இந்த மேசைக்கு அது வரக் கூடாது.

12 அக்டோபர், சனி

தையல் இழுக்கிறது. ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் விமான மாதிரிப் பெட்டியின் மேல்படத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

13 அக்டோபர், ஞாயிறு

விமானத்தின் உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டினேன். மாதிரிகளை ஒட்டும் இந்தச் சிமெண்ட் மற்றப் பிசின்களைப் போல இரு பொருள்களுக்கு நடுவே நின்று பிடிப்பதில்லை. மாதிரியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே இளக்கி, இரண்டு விளிம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து இறுகும்படி செய்கிறது. காய்ந்த பிறகு அங்கே இருப்பது ஒரே பிளாஸ்டிக்தான். இளகியிருந்த நேரத்தில் கட்டைவிரல் பட்டு, வலப்பக்க இறக்கையின் வேரில் என் ரேகை பதிந்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். தேய்க்கவில்லை.

15 அக்டோபர், செவ்வாய்

விடியற்காலை முதல் மழை. மழை விட்ட அரை மணி நேரத்தில் சூலூர் விமானப்படைத் தளத்தின் பக்கமிருந்து ஒரு தேஜஸ் போர் விமானம் எழும்பிய ஓசை கேட்டது.

இந்தப் பெட்டியில் இருப்பது ஏர்ஃபிக்ஸ் மாதிரி நிறுவனத்தின் நேட், உண்மை விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு (1/72) அளவு; பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1979 வரை பறந்த இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். சிவப்பு அடிக்க வேண்டியது. நான் வெள்ளி அடித்து, நம் விமானப்படையின் வட்டச் சின்னத்தை இடப் போகிறேன். நம்மிடம் இருந்தவை ஒற்றை இருக்கைப் போர் விமானங்கள், பெரும்பாலும் பெங்களூரில் எச்.ஏ.எல். விமான நிறுவனம் உரிமம் பெற்றுக் கட்டியவை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து எழும்பி, பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு தனித்துப் போராடி உயிர் நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியது அத்தகைய ஒரு நேட். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அவருடைய 18ஆவது ஸ்குவாட்ரன்தான் 2020இல் சூலூரில் தேஜஸோடு மீண்டும் உயிர் பெற்றது. காலையில் கேட்ட ஓசைக்கும் என் மேசை மேலுள்ள பொருளுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதே எனக்குப் போதும். பயிற்சி விமானத்தின் இறக்கை போர் விமானத்தினுடையதைவிட நீளமானது என்பது எனக்குத் தெரியும். இந்த அளவில் அந்த வேறுபாடு எட்டு மில்லிமீட்டர். வெர்னியரைப் பூட்டிய பிறகும் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

16 அக்டோபர், புதன்

தொலைபேசி வரவில்லை.

18 அக்டோபர், வெள்ளி

மூக்கினுள் எடை வைக்க மறந்துவிட்டேன். சக்கரங்களைப் பொருத்தி நிறுத்தியதும் விமானம் வாலில் உட்கார்ந்துகொண்டது. பிரித்து, ஈயக்குண்டு வைத்து, மீண்டும் ஒட்டலாம். அக்கா மகள், “மாமா, அது மேலே ஏறப் போகுது” என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

20 அக்டோபர், ஞாயிறு

ஈரக்காற்றில் சாயம் காய மறுக்கிறது. வெள்ளிச் சாயத்தில் தூரிகையின் ஒவ்வொரு மயிரும் தடம் விடுகிறது. இரண்டாவது பூச்சு முதல் பூச்சை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இந்தத் தடங்கள் எனக்கு உண்மையாகவே பிடித்திருக்கின்றன. மாலை வெளிச்சத்தில் அவை அலை அலையாகத் தெரிகின்றன.

22 அக்டோபர், செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. இறக்கை மூட்டில் நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். புட்டிப் பசை வைத்து அடைக்க ஐந்து நிமிடம் ஆகும். அடைக்காமல் விட்டதற்காக வருந்துகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்; இல்லை. பணிமனையில் பம்பு ஷாஃப்ட் ஒன்று 0.01 மில்லிமீட்டர் மிகுந்தாலும் ஒதுக்கி வைத்தவன் நான். அது சரியான செயல். அந்த ஷாஃப்ட் ஏதோ ஒரு தோட்டத்துக் கிணற்றில் இரவு பகலாகச் சுழல வேண்டியது. இந்த விமானம் எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் என்னிடமிருந்து அரிசி அளவுக்கு வெட்டி எடுத்துச் சென்றதை இந்நேரம் யாரோ ஒருவர் மெல்லிய சீவல்களாக்கி, நிறமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார் அல்லது பார்த்து முடித்திருப்பார். அவர் என்னைப் போல இந்த மேசையில் உட்காரும் மனநிலையில் அதைப் பார்க்கக் கூடாது. பணிமனையில் நான் பார்த்தது போலப் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் இன்னொரு முறையும், தேவைப்பட்டால் மூன்றாவது முறையும், அருகில் இருப்பவரை அழைத்துக் காட்டியும் பார்க்க வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் நான் காத்திருக்கிறேன்.

காத்திருப்பது கடினமாகத்தான் இருக்கிறது.

24 அக்டோபர், வியாழன்

நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள் கொண்ட டெக்கால் தாளில் பிரிட்டனின் வட்டங்கள்தான் இருந்தன. வெதுவெதுப்பான நீரில் ஒன்றை மட்டும் ஊறவைத்து, அது தாளிலிருந்து நழுவி வருவதைப் பார்க்கும் இன்பத்துக்காகவே நழுவவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒட்டினேன். நம் வட்டத்தைக் கையாலேயே இட்டோம். பேனா மூடியின் விளிம்பைக் காவிச் சாயத்தில் தொட்டு ஒற்றினேன். உள்ளே வெள்ளை நிரப்பினேன். நடுவில் பச்சையை அக்கா மகள் வைத்தாள். பச்சை சற்றே கீழே இறங்கிவிட்டது. “அழிச்சிரட்டுமா மாமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மறுபக்க இறக்கையில் நான் வைத்தது அதைவிடக் கோணலாக வந்தது.

25 அக்டோபர், வெள்ளி

டாங்கி மாதிரிகளின் 1/35 என்ற அளவு எப்படி வந்தது என்பதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா நிறுவனம், மோட்டாரில் ஓடும் பேந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும். அவை அடங்கும்படி செய்த உடலை அளந்தபோது கிட்டத்தட்ட முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. இன்று உலகெங்கும் இராணுவ வண்டி மாதிரிகள் பெரும்பாலும் அந்த அளவில்தான் வருகின்றன. ஓடி விளையாட வேண்டும் என்பதே முதலில் இருந்திருக்கிறது.

28 அக்டோபர், திங்கள்

அழைத்தார்கள். புதன்கிழமை நேரில் வர வேண்டுமாம். துணைக்கு ஒருவரை அழைத்து வரும்படியும் சொன்னார்கள்.

29 அக்டோபர், செவ்வாய்

தெருவில் இப்போதே வெடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நேட், அலமாரியில் மூக்கை உயர்த்தியபடி வாலில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த பெட்டியைத் திறந்தேன், ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம். செய்முறைத் தாளைப் படிக்கவில்லை. பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து இடப்பக்க இறக்கையை வெட்டி எடுத்திருக்கிறேன். மற்றொன்றை நாளை வந்து