“என்னைவிட வசதி குறைஞ்சவங்க யாரு சிஸ்டர்?”

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, வார்டில் வேலை பார்க்கும் ஆயாம்மாக்களின் ஒத்துணர்வு, அதாவது எம்பதி. நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான், ஆனால் அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு.

அளப்பதற்கு, அமெரிக்க உளவியலாளர் மார்க் டேவிஸ் 1980-இல் வெளியிட்ட கேள்வித்தாளை கைடு மேடம் கொடுத்தார். மொத்தம் 28 வாக்கியங்கள், ஏழு ஏழாக நான்கு பிரிவுகள்: அடுத்தவர் கோணத்தில் யோசிப்பது, கதாபாத்திரங்களோடு ஒன்றிப்போவது, பரிவு, பிறர் துன்பத்தைக் கண்டு நமக்குள் எழும் பதற்றம். ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று அவரவரே சொல்ல வேண்டும். மதிப்பெண் 0 முதல் 4 வரை.

இருவர் தனித்தனியாகத் தமிழாக்கினார்கள். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. சரி, பெரிய வேலை முடிந்தது என்று நினைத்தேன். நிஜமான வேலை, முதலில் சிலரிடம் மட்டும் கேட்டுப் பார்க்கும் பைலட் ஸ்டடியில்தான் தொடங்கியது.

பதில் குறிக்கும் ஐந்து கட்டங்களில் முதலுக்கும் கடைசிக்கும் மட்டும்தான் மூலத்தில் விளக்கம் உண்டு, நடுவில் இருக்கும் மூன்றும் வெறும் எழுத்துகள். அது யாருக்கும் புரியவில்லை. அதனால் காலி, கால், அரை, முக்கால், முழுசு என ஐந்து டம்ளர் படம் வரைந்து வைத்தோம். பிறகு விரலை வைத்துக் காட்டுவது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது.

நைட் ட்யூட்டி முடித்து வந்த ஓர் அக்காவிடம், “என்னைவிட வசதி குறைந்தவர்களைப் பார்த்தால் எனக்கு அடிக்கடி மனசு இளகும்” என்று வாசித்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “என்னைவிட வசதி குறைஞ்சவங்க யாரு சிஸ்டர்?” என்று கேட்டார். தனக்குத் தெரிந்தவர்களை உண்மையாகவே ஒவ்வொருவராக மனதில் தேடிக்கொண்டிருந்தார். யாரும் கிடைக்கவில்லை. காலி டம்ளரில் விரலை வைத்தார்.

பரிவுக்கான அந்த வாக்கியத்தில் அவருக்குச் சுழியம். அதற்கு முந்தைய வாரம் இதே அக்காவைப் பார்த்திருக்கிறேன். பக்கவாதம் வந்து பேச்சு போன ஒரு பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்கும் முன், தன் உள்ளங்கைகள் இரண்டையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அப்புறம்தான் தொட்டார். அந்த வாக்கியத்தை “கஷ்டப்படுகிறவர்களை” என்று மாற்றினோம்.

அடுத்த சிக்கல் எதிர்மறை வாக்கியங்கள். 28-இல் 9 வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். “பிறர் கஷ்டம் என்னைப் பெரிதாகப் பாதிப்பதில்லை” என்று வாசித்தால், “இல்ல சிஸ்டர்” என்பார்கள். பாதிக்கவில்லை என்கிறாரா, இந்த வாக்கியம் தனக்குப் பொருந்தாது என்கிறாரா? தமிழில் அந்த ‘இல்ல’ இரண்டு பக்கமும் போகும். ஒவ்வொருவரிடமும் “பாதிக்குமா, பாதிக்காதா?” என்று திரும்பக் கேட்டுத்தான் குறித்தேன். இதைக் கூகுள் ஃபார்மில் அனுப்பியிருந்தால் எத்தனை பதில்கள் தலைகீழாக விழுந்திருக்குமோ என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. தமிழில் இந்த வேலையைச் செய்யப்போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்: பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நானும் ஒரு தவறு செய்தேன். நான்கு பிரிவுகளையும் எக்செல்லில் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கினேன். கைடு மேடம் நிறுத்தினார். நான்காவது பிரிவில் அவசர நேரத்தில் பதறிப்போகிறவருக்குத்தான் மதிப்பெண் அதிகம். பல வருடம் வார்டில் நின்று பழகியவருக்கு அது குறையும், அதுதான் நோயாளிக்கும் நல்லது. எல்லாவற்றையும் கூட்டினால் நிதானமாக இருப்பதே அவருக்குக் குறையாக வந்து சேரும். டேவிஸ் நான்கையும் தனித்தனியாக வைத்த காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் உளவியலாளர்கள் மர்ஃபியும் லிலியன்ஃபெல்டும் 2019-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ‘அடுத்தவர் மனம் எனக்குப் புரியும்’ என்று ஒருவர் கேள்வித்தாளில் சொல்வதற்கும், சோதனை வைக்கும்போது அவர் உண்மையில் புரிந்துகொள்வதற்கும் தொடர்பு மிகச் சொற்பம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், திறமையில் காணும் வேறுபாட்டில் சுமார் 1 சதவீதத்தை மட்டுமே அந்தப் பதில்கள் விளக்கின. காலி டம்ளரில் இருந்த விரல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ‘ஒத்துணர்வின் அளவு’ என்ற என் தலைப்பை, ‘ஒத்துணர்வு குறித்துத் தாங்களே கூறியவை’ என்று மாற்றினேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதைத்தான் அதிக நேரம் கேட்டார்கள். மதிப்பெண் குறைந்தவரை இரக்கம் இல்லாதவர் என்று இந்த ஆய்வை வைத்து யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது என்றேன்.

கேள்வித்தாளுக்குப் பின்னால் ஒரு வெற்றுத்தாளும் வைத்திருந்தேன், நோயாளிகளைப் பற்றி அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள. கையை ஏன் தேய்த்துக்கொண்டீர்கள் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். “ஏசி வார்டு சிஸ்டர். கை சில்லுன்னு பட்டா பாட்டி தோளை இறுக்கிக்கும். வலிக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாதுல்ல” என்றார். அதை மதிப்பெண் எதுவும் போடாமல் அப்படியே பின்னிணைப்பில் சேர்த்தேன்.