வாட்ச்சால் மேக் திறக்காதபோது பார்க்க வேண்டியவை

ஆப்பிள் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மேக் முன்னால் உட்கார்ந்தும் பாஸ்வேர்டு கேட்கிறதா? கோளாறு எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வாட்ச்சால் மேக்கைத் திறக்க செட்டிங்ஸில் உள்ள ஸ்விட்ச்சைத் தட்டினால் சற்று நேரம் சுற்றிவிட்டு மறுபடி ஆஃப் ஆவது ஒன்று. ஸ்விட்ச் ஆனில் இருந்தும் பூட்டு திறக்காதது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ரீஸ்டார்ட்டோ லாக் அவுட்டோ செய்தபின் முதல் தடவை பாஸ்வேர்டு கேட்டால் அது கோளாறே இல்லை; அப்போது டைப் செய்துதான் ஆக வேண்டும்.

இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் வைஃபைதான் காரணம். வாட்ச்சும் மேக்கும் பேசிக்கொள்வது ப்ளூடூத்தில். ஆனால் வாட்ச் உண்மையிலேயே பக்கத்தில் இருக்கிறதா என்பதை, வைஃபை சிக்னல் போய்வர ஆகும் நேரத்தை வைத்துத்தான் மேக் கணிக்கிறது. யாராவது நடுவில் நின்று சிக்னலைக் கடத்தி ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆகவே நெட்டுக்கு கேபிள் செருகியிருந்தாலும் வைஃபை ஆனில் இருக்க வேண்டும். இன்டர்நெட் ஷேரிங், ஸ்க்ரீன் ஷேரிங் இரண்டும் ஓடக் கூடாது. யுஎஸ்பி 3 ஹப்பை மேக்கை ஒட்டி வைத்திருந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், ப்ளூடூத் அங்கேதான் ஓடுகிறது.

வாட்ச் பக்கம் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பாஸ்கோடு இருக்க வேண்டும், வாட்ச் கையில் இருக்கிறதா என்று கண்டறியும் ரிஸ்ட் டிடெக்‌ஷன் ஆனில் இருக்க வேண்டும். ஸ்ட்ராப் தளர்ந்திருந்தாலோ, மணிக்கட்டில் அடர்ந்த பச்சை குத்தியிருந்தாலோ வாட்ச் தானாகவே பூட்டிக்கொள்ளும். வாட்ச்சே பூட்டியிருந்தால் மேக்கைத் திறக்காது. இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு, அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருப்பதும் கட்டாயம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஸ்விட்ச் ஆனில் நிற்கவில்லையா? வாட்ச்சும் மேக்கும் முன்பு ஜோடி சேர்ந்தபோது உருவான பழைய சாவிகள் கீசெயினில் (மேக் பாஸ்வேர்டுகளையும் சாவிகளையும் பூட்டி வைக்கும் பெட்டகம்) மிச்சம் கிடக்கும். மேக் மாற்றியபின், வாட்ச் மாற்றியபின், சில சமயம் பெரிய அப்டேட்டுக்குப் பின்னும் இது வரும். ஐகிளவுடிலிருந்து சைன் அவுட் செய்யச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம், அதைவிடச் சின்ன வேலை இருக்கிறது.

கீசெயினைப் பார்க்க உதவும் கீசெயின் ஆக்சஸ் ஆப்பைத் திறங்கள். மேக்ஓஎஸ் செக்கோயா பதிப்பு முதல் அது யூட்டிலிட்டீஸ் ஃபோல்டரில் இல்லை. சிஸ்டம், லைப்ரரி, கோர்சர்வீசஸ், அப்ளிகேஷன்ஸ் என்று உள்ளே போக வேண்டும். வியூ மெனுவில் மறைந்திருக்கும் ஐட்டங்களைக் காட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் தேடினால் ஒன்றும் வராது, பலரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். பிறகு ‘ஆட்டோ அன்லாக்’ (Auto Unlock) என்று இடைவெளியோடு ஆங்கிலத்தில் தேடி, வருவதையெல்லாம் அழியுங்கள். அடுத்து அதே சொல்லை இடைவெளி இல்லாமல் சேர்த்துத் தேடுங்கள். டிஎல்கே (tlk), டிஎல்கே-நான்சிங்க் (tlk-nonsync), கிளாஸ்ஏ (classA), கிளாஸ்சி (classC) என்று 4 ஐட்டங்கள் வரும், அவற்றையும் அழியுங்கள். வேறு பெயரில் எது வந்தாலும் தொடாதீர்கள், கீசெயினில் அழித்தது திரும்பாது.

இன்னும் ஒன்று பாக்கி. ஃபைண்டரில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி கோ மெனுவைத் திறந்தால் உங்கள் லைப்ரரி தெரியும். அதில் ஷேரிங் ஃபோல்டருக்குள் ஆட்டோ அன்லாக் ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள எல்டிகே (ltk), பேரிங் ரெக்கார்ட்ஸ் (pairing-records) என்ற இரண்டு பிலிஸ்ட் (.plist) ஃபைல்களையும் குப்பைக்கு அனுப்புங்கள். இனி சிஸ்டம் செட்டிங்ஸில் டச் ஐடி மற்றும் பாஸ்வேர்டு பக்கத்துக்குப் போய் (டச் ஐடி இல்லாத மேக்கில் லாகின் பாஸ்வேர்டு பக்கம்) வாட்ச் ஸ்விட்ச்சைத் தட்டுங்கள். முதல் தட்டலில் பிழை காட்டினால் இன்னொரு முறை தட்டுங்கள். சாவிகள் புதிதாக உருவாகக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதே கணக்கில் வேறு மேக் இருந்தால் அங்கேயும் இந்த வசதி அணைந்துபோகலாம், அப்படியானால் திரும்ப ஆன் செய்துகொள்ள வேண்டும்.

அலுவலக மேக் என்றால் இதையெல்லாம் தொடங்கும் முன் ஐடி ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அலுவலகம் மேக்கில் போட்டுவைக்கும் நிர்வாக ப்ரொஃபைலில் இந்த வசதியைத் தடுக்க முடியும். தடுத்திருந்தால் கீசெயினில் எதை அழித்தாலும் ஸ்விட்ச் ஆன் ஆகாது.